மாவும் பொன்னும்

பொதுக்காலம் 18ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
சபை உரையாளர் 1:2. 2:21-23 | கொலோசையர் 3:1-5, 9-11 | லூக்கா 12:13-21



கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் குரல் கொடுக்கிறான். தன் சகோதரன் முதுசத்தைப் பிரித்துத் தருகிறான் இல்லை, ஆண்டவர் தலையிட்டு வாங்கித் தரவேண்டும் என்கிறான். இந்தக் கரையில் இது நமக்குப் புதிய வழக்கா? தென்னங்காணிக்காக, கரைவலைப் பாட்டுக்காக, ஒரு எஞ்சின் வள்ளத்துக்காக அண்ணனும் தம்பியும் முகம் பாராமல் இருக்கிற வீடுகள் கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் உண்டு. ஆண்டவர் அந்த வழக்கைக் கையில் எடுக்கவில்லை. எந்தப் பேராசைக்கும் இடங்கொடாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு, விளைச்சல் மிஞ்சிப்போனதால் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைத்த செல்வனின் கதையைச் சொன்னார். அவனுடைய உயிர் அன்றிரவே கேட்கப்படுகிறது. நாம் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். உண்மையில் அது பயங்கரமான கதை.

ஆகவே இன்று ஒரு பயங்கரப் படத்தைப் பற்றிப் பேசத் துணிகிறேன். 2018ஆம் ஆண்டு இந்தியாவில் வெளிவந்த 'தும்பாட்'. நம் இளைஞர்களில் பலர் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். சிறுவர்களுக்கு ஏற்ற படமல்ல என்பதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் வருகிற தெய்வக்கதை நம் இந்துச் சகோதரர்கள் வணங்கும் தெய்வங்களின் புராணமுமல்ல, படத்துக்காகப் புனைந்தது. உடப்பிலும் முந்தலிலும் நம்மோடு வாழ்கிறவர்களின் விசுவாசத்தை யாரும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

கதை இதுதான். செழிப்பின் தேவிக்கு முதற்பிள்ளை ஹஸ்தர். தாயிடம் இருந்த பொன்னையெல்லாம் எடுத்துக்கொண்ட அவன், தானியத்துக்கும் கை நீட்டினான். மற்றத் தெய்வங்கள் அவனை அழிக்க வந்தபோது தாய் காப்பாற்றித் தன் கருவறைக்குள் ஒளித்துவைத்தாள். ஒரு நிபந்தனை: அவனை எவரும் வணங்கக் கூடாது. ஆனால் தும்பாட் கிராமத்தில் ஒரு குடும்பம் அவனுக்குக் கோயில் கட்டியது. அதனால் வந்த சாபமாக அந்த ஊரில் மழை விடுவதே இல்லை. அந்தக் குடும்பத்தில் முறைதவறிப் பிறந்த விநாயக், கயிற்றைப் பிடித்துக் கருவறைக்குள் இறங்குகிறான். மாவால் தன்னைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு, பிசைந்த மாவில் செய்த ஒரு பொம்மையை எறிகிறான். பசியோடு பாய்ந்து வரும் ஹஸ்தர் அதைத் தின்கிற நேரத்துக்குள், அவனுடைய கோவணத்திலிருந்து விழும் பொற்காசுகளைப் பொறுக்கிக்கொண்டு ஏறிவிட வேண்டும்.

உலகத்துப் பொன்னெல்லாம் இடுப்பில் கட்டியிருக்கிறவன் ஒரு பிடி மாவுக்காகத் தவிக்கிறான். 'எல்லாம் வீண்' என்று சபை உரையாளர் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உருவத்தை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை.

இரண்டாம் வாசகத்தில் பவுலடியார் பேராசையைச் சிலைவழிபாடு என்றே பெயர் சொல்லிக் கண்டிக்கிறார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு நெடுநாள் முழுதாய் விளங்கவில்லை. காசை நாம் கும்பிடுவதில்லையே என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் விநாயக்கைப் பாருங்கள். அவன் ஹஸ்தரைக் கும்பிடுவதில்லை, வெறுக்கிறான், பயப்படுகிறான். இருந்தும் அவனுடைய பயணமெல்லாம் அந்த ஊரை நோக்கியே. வளர்ந்துவரும் மகனுக்கும் அவன் சொல்லிக்கொடுக்கிற ஒரே வித்தை, கயிற்றில் விரைந்து ஏறுவதும் காசைப் பறிப்பதும். ஒருவன் தன் பிள்ளைக்கு எதைக் கற்பிக்கிறானோ அதுதான் அவனுடைய வழிபாடு.

இந்தப் படம் எடுக்கப்பட்ட விதமும் சொல்லத் தக்கது. இயக்குநர் ராஹி அனில் பர்வே இதன் முதல் வடிவத்தை 1997இல், தம் 18ஆவது வயதில் எழுதினார். பிறகு காட்சி காட்சியாக 700 பக்கம் வரைந்து வைத்தார். தயாரிப்பாளர்கள் வந்தார்கள், விலகினார்கள். 2012இல் படப்பிடிப்பு தொடங்கியது. எடுத்து முடித்துப் பார்த்தபோது நினைத்தபடி வரவில்லை என்று திரும்ப எழுதி, திரும்ப எடுத்து, 2015இல் முடித்தார்கள். கதையில் மழை ஓயாது என்பதால் மெய்யான பருவமழைக்காகவே காத்திருந்து எடுத்தார்கள். பேராசையின் கதையைச் சொல்ல அவ்வளவு பொறுமை தேவைப்பட்டிருக்கிறது. வெளிவந்த நாளில் பெரிய கூட்டம் வரவில்லை; 2024இல் மீண்டும் திரையிட்டபோது முதல்முறையைவிட அதிகம் வசூலித்தது.

இன்னொரு செய்தி என்னை அதிகம் பாதித்தது. ஹஸ்தர் தொட்டவர்கள் சாவதில்லை. படத்தில் ஒரு மூதாட்டி அப்படிச் சாபம் பெற்று, சங்கிலியில் கிடந்து, கடைசியில் உடம்பில் மரமே முளைத்த பிறகும் உயிரோடு கிடக்கிறாள். நிலைவாழ்வைப் பற்றி நாம் அறிக்கையிடுகிறோமே, அதற்கு நேர் எதிரான சாகாமை இது. அந்தக் கிழவியாக நடித்தது யார் தெரியுமா? விநாயக்கின் மகன் பாண்டுரங்காக வருகிற முகம்மது சமத் என்ற சிறுவன்தான். கனத்த ஒப்பனைக்குள் அதே பிள்ளை. முதலில் சபிக்கப்பட்டவளுக்கும் கடைசி வாரிசுக்கும் ஒரே முகம்.

கதையில் பாண்டுரங்கும் பேராசையில் தகப்பனை மிஞ்சுகிறான். ஒவ்வொரு முறையும் சில காசுகள் எதற்கு, நிறையப் பொம்மைகள் கொண்டுபோய்க் கோவணத்தையே உருவிவிடலாமே என்கிறான். போகிறார்கள். எத்தனை பொம்மையோ அத்தனை ஹஸ்தர்கள் வந்து நிற்கிறார்கள்.

இந்தக் காட்சியைப் பார்த்தபோது நம் களப்புதான் என் கண்முன் வந்தது. கண்டல் காட்டின் வேர்களுக்குள்தான் இறாலும் நண்டும் மீனும் குஞ்சாய் வளர்கின்றன. அது இந்தக் கரையின் கருவறை. 1980களில் இறால் பண்ணைகள் வந்தன. நல்ல காசு வந்தது, மறுக்கவில்லை. வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். ஒரு குளம் வெட்டியவர் இரண்டாவது வெட்டினார். கண்டல் காடு அழிந்தது. ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே எல்லோரும் தண்ணீர் எடுத்தார்கள், அதிலேயே கழிவையும் விட்டார்கள். என் குளத்து அழுக்கு உன் குளத்துக்குத் தண்ணீரானது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது எந்த வேலியையும் பார்க்கவில்லை. முந்தல், உடப்புப் பக்கங்களில் கைவிடப்பட்ட குளங்கள் உப்புப் பூத்துக் கிடந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். பிற்பாடு பகுதி பகுதியாக முறை வைத்து இறால் வளர்க்கும் ஒழுங்கு வந்தது. 'இது உன் முறை, நான் பொறுத்திருக்கிறேன்' என்று பக்கத்துக் குளத்துக்காரனிடம் சொல்வது வெறும் தொழில் விதி அல்ல, அன்பானவர்களே. அது மனந்திரும்புதலின் ஒரு செயல்.

தலவிலவில் புனித அன்னம்மாளின் பாதத்தில் நீங்கள் எத்தனை தரம் பிள்ளை வரம் கேட்டு நின்றிருக்கிறீர்கள்! அந்தத் தாயின் கருவறை மரியாளைத் தந்தது, மரியாளின் கருவறை நமக்கு ஆண்டவரைத் தந்தது. அள்ளிக்கொண்டு ஓடுவதற்காகக் கடவுள் எந்தக் கருவறையையும் படைக்கவில்லை.

இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பீடத்தில் நாம் வைக்கப்போவதும் கோதுமை மாதான். படத்தில் அந்த மா தூண்டிலில் குத்திய இரை. இங்கே கடவுளின் மகன் தம்மையே அப்பமாக்கி, ஏழைக்கும் சம்மாட்டிக்கும் ஒரே அளவில் கொடுக்கிறார். பொன்னை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பவர்கள் இந்த வரிசையில் வந்து நிற்கலாம். ஆனால் இரவில் கரையேறும் கடத்தல் பொதிக்கு ஆள் அனுப்பிய கையை, கழுவாமல் நீட்டாதீர்கள். பீடி இலை, மஞ்சள், தங்கம், போதைப்பொருள் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. பிடிபடுகிறவன் வள்ளத்தில் போன பிள்ளை. காசு போட்டவர் வீட்டில் நித்திரை கொள்கிறார்.

படத்தின் முடிவில், சாபம் தொட்ட தகப்பன் பொற்காசு நிறைந்த அந்தக் கோவணத்தை மகனிடம் நீட்டுகிறான். மகன் அழுதுகொண்டே மறுக்கிறான். பிறகு தகப்பனுக்கு நெருப்பு வைக்கிறான், வேதனையிலிருந்து விடுவிக்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு இல்லாத வழி நமக்கு உண்டு. ஒப்புரவு அருளடையாளம் இருக்கிறது. தகப்பன் எரிய வேண்டியதில்லை, திரும்பி வந்தால் போதும்.

வாலிபப் பிள்ளைகளே, வீட்டில் நீட்டப்படுகிற காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்காகப் பேச்சு வாங்குகிறவர் உங்களில் யாராவது இருந்தால், திருப்பலி முடிந்ததும் என்னிடம் வாருங்கள். உங்கள் அப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன்.