‘செய்தேன்’ என்னும் அமானிதம்

தன்னைப் பற்றித் தானே சாட்சி கூற வேண்டிய நிலை மனிதனுக்குச் சில வேளைகளில் நேர்கின்றது. நீதிமன்றத்தில் கூறினால் குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இருப்பார். திருமணப் பேச்சில் கூறினால் விசாரித்துச் சொல்ல ஊரார் இருப்பர். ஆனால் கல்லூரிக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் கூறுபவனும் அவனே, சாட்சியும் அவனே. படித்துத் தீர்ப்பளிப்பவரோ கண்காணாத் தொலைவில் இருப்பவர். எழுதியவனுடைய சொல்லை நம்புவதைத் தவிர அவருக்குப் பெரும்பாலும் வேறு வழியில்லை. அத்தகைய இடத்தில் நாம் கூறும் சொல் வெறும் சொல்லன்று, அமானிதமாகும். அவ்வாறாயின், ‘நான் செய்த ஆராய்ச்சி இது’ என்று மருத்துவம் பயில விரும்பும் ஒரு மாணவன் எழுதும்போது அந்த அமானிதத்தின் எல்லை எது? பலர் கூடிச் செய்த பணியில் ‘செய்தேன்’ என்று கூறும் உரிமை ஒருவனுக்கு எப்போது உண்டாகின்றது? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா.

தமிழ்நாட்டில் மருத்துவப் பட்டப் படிப்பில் சேர்வோருக்கு இவ்வினா எழுவதில்லை. 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வும், 2007-இல் அது நீங்கியபின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும், 2017 முதல் நீட் தேர்வும் இடத்தை முடிவு செய்து வந்துள்ளன. எண் பேசும் இடத்தில் மாணவன் பேச வேண்டியதில்லை. அமெரிக்காவில் நிலை வேறு. அங்கு மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் நடத்தும் பொது விண்ணப்பத்தில், மாணவர் தாம் ஈடுபட்ட பணிகளில் 15 வரை குறிப்பிடலாம். ஒவ்வொன்றுக்கும் செலவிட்ட மணிக்கணக்கைக் காட்டி, இடைவெளி உட்பட 700 எழுத்துக்குறிகளுக்குள் விவரிக்க வேண்டும். மருத்துவத்தோடு முனைவர் பட்டமும் நாடுவோர் தம் ஆராய்ச்சி அனுபவத்தைத் தனிக் கட்டுரையாகவே தர வேண்டும். பட்டம் பெற்றபின் மேற்பயிற்சிக்காக அந்நாடு செல்ல விழையும் நம் மருத்துவர்களும் இதையொத்த கேள்விகளுக்கே விடை எழுதுகின்றனர். ஆகவே இது நமக்கு அயலார் வீட்டுச் செய்தியன்று.

எங்கள் காஞ்சிபுரத்திலிருந்து சென்று அங்குக் குடியேறிய குடும்பத்து மாணவர் ஒருவர் இத்தகைய விண்ணப்பம் எழுதினார். கோடை விடுமுறையில் பத்து வாரம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பணி செய்தவர் அவர். திசுத் துண்டுகளைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றினார்; நுண்நோக்கியில் உயிரணுக்களை எண்ணினார்; எண்களைக் கணினியில் பதித்தார். வினாவை எழுப்பியவர் பேராசிரியர். முறையை வகுத்தவர் மூத்த ஆய்வாளர் ஒருவர். மாணவரின் வரைவிலோ, ‘மூளை நோய் ஒன்றின் காரணத்தை ஆராய்ந்தேன்’ என்றிருந்தது. அதைத் தமிழில் சொல்லக் கேட்ட பாட்டனார், தறியில் அமர்ந்தே மூப்படைந்தவர், ஒன்றே ஒன்று கேட்டாராம்: “இதிலே உன் கை பட்ட இடம் எது தம்பி?”

அவர் ஏன் அவ்வாறு கேட்டார் என்பது எங்கள் ஊராருக்கு எளிதில் விளங்கும். காஞ்சிப் பட்டு ஒருவர் கைவேலையன்று. கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்துச் சரிகையும் வந்து சேர்ந்தபின், நூல் முறுக்குபவர், சாயம் தோய்ப்பவர், தெருவில் பாவு விரித்து ஒழுங்கு செய்பவர், தார் சுற்றுபவர் என்று பலர் கை கடந்தே அது தறி ஏறுகிறது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இணையும் கோர்வைச் சேலையில், நெசவாளருக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒருபுறக் கரைக்கான நாடாவை எறிய உதவியாள் ஒருவரும் வேண்டும். அவர் இன்றி அச்சேலை உருவாகாது. எனினும் அவர் ‘நான் நெய்த சேலை’ என்று உரிமை கொண்டாடுவதில்லை. ‘கோர்வைக்கு உடன் அமர்ந்தேன்’ என்பார். தறி அறிந்தவர் எவரும் அதைக் குறைவாகக் கருதுவதும் இல்லை.

வினைச்சொல்லின் தராதரம்

கைத்தொழிலில் வழக்கமாக நிலவும் இந்நேர்மையை அறிவுத்துறையில் இலக்கணமாகவே வகுத்தவர்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள். ஒரு செய்தி தம்மை எவ்வாறு வந்தடைந்தது என்பதைக் காட்ட அவர்கள் வெவ்வேறு வினைச்சொற்களை ஆண்டனர். ஆசிரியர் கூறத் தாம் தனித்திருந்து கேட்டால் ‘ஹத்தஸனீ’, எனக்கு அறிவித்தார் என்பர். பிறரோடு அமர்ந்து கேட்டால் ‘ஹத்தஸனா’, எங்களுக்கு அறிவித்தார் என்பர். மாணவர் படிக்க ஆசிரியர் செவியுற்று ஒப்பியதாயின் ‘அக்பரனா’ என்பது பலரிடம் நிலைத்த வழக்கு. ஆசிரியரைக் காணாமல் அவர் கைப்பட எழுதிய ஏட்டை மட்டும் கண்டிருந்தால், இன்னார் கையெழுத்தில் கண்டேன் என்றே கூற வேண்டும். இதற்கு ‘விஜாதா’ என்று பெயர். ஹிஜ்ரி 643-இல் (கி.பி. 1245) மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தம் ‘முகத்திமா’வில், அறிவைப் பெறும் இத்தகைய வழிகளை எட்டாக வகைப்படுத்தினார். ‘ஹத்தஸனா’வுக்கும் ‘அக்பரனா’வுக்கும் உள்ள வேறுபாட்டைக்கூடத் தவறாது குறித்துச் சென்றது இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் சிறப்புகளுள் ஒன்றென அறிஞர் போற்றுவர்.

‘எனக்கு’ என்பதற்கும் ‘எங்களுக்கு’ என்பதற்கும் இடையே இத்துணைக் கவனம் எதற்கு? செய்தி ஒன்றுதானே என்று கேட்கலாம். செய்தி ஒன்றேயாயினும் அதை ஏற்பவர் அதன் மீது எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்பதை அந்த வினைச்சொல்லே அறிவிக்கின்றது. ‘எண்ணினேன்’, ‘வடிவமைத்தேன்’, ‘உடனிருந்து கண்டேன்’, ‘முடிவுகளை வாசித்து அறிந்தேன்’ என்னும் நான்கும் நான்கு வெவ்வேறு சாட்சியங்கள். நான்கையும் விழுங்கிக்கொண்டு ‘ஆராய்ந்தேன்’ என்று ஒரே சொல்லால் கூறுபவன், படிப்பவர் எடைபோடும் தராசையே மறைத்துவிடுகின்றான்.

பொய்யும் ஒளிப்பும்

இங்கே நுட்பமான ஒரு வாதம் எழும். ‘ஆராய்ச்சியில் ஈடுபட்டேன், பங்காற்றினேன் என்றுதானே எழுதினேன், அதில் பொய் எங்கே?’ என்பது அது. நம் அறிஞர்கள் இதற்கும் பெயர் வைத்திருக்கின்றனர். நேரில் கேளாததை ‘இன்னாரிடமிருந்து’ என்னும் பொதுச் சொல்லால் கூறி, நேரில் கேட்டதுபோல் தோன்றச் செய்வதைத் ‘தத்லீஸ்’ என்றனர். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லாமல் இருக்கலாம். ஆயினும் கேட்பவர் மனத்தில் பொய் குடியேறுகிறது. ஹிஜ்ரி 160-இல் மறைந்த ஷுஃபா இப்னுல் ஹஜ்ஜாஜ் (ரஹ்) இதை மிகக் கடுமையாகக் கண்டித்தவர். ஃபிக்ஹு நூல்களில் சரக்கின் குறையை மறைத்து விற்பதற்கும் இதே சொல்தான் வழங்குகின்றது. போலிச் சரிகையை அசல் சரிகையோடு அடுக்கி வைத்து, விலையை மட்டும் கூறி வாய் மூடியிருக்கும் வணிகன் பொய் சொல்லவில்லைதான். ஆனால் குற்றமற்றவன் என்று அவனை யார் கூறுவர்?

இவ்விடர் கற்பனையன்று. இரைப்பை, குடல் நோய்த் துறையில் மேற்பயிற்சி வேண்டி அமெரிக்காவில் விண்ணப்பித்த 236 மருத்துவர்களின் தாள்களைச் சிலர் சரிபார்த்து, 1995-இல் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டனர். கட்டுரை வெளியிட்டிருப்பதாகக் கூறிய 53 பேரில் 16 பேரின் கூற்று உண்மைக்கு ஒத்திருக்கவில்லை. அவர்கள் சிறுவர்களல்லர்; நோயாளிகளைத் தொட்டு மருத்துவம் பார்த்து வந்தவர்கள்.

மருத்துவ இதழ்களின் ஆசிரியர்களும் இதைக் குறித்துக் கவலை கொண்டவர்களே. 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய சிலரிலிருந்து தோன்றிய அவர்களது குழு, ஒருவர் ஆசிரியர் எனப் பெயரிடப்பட வேண்டுமாயின் நிறைவேற வேண்டிய நிபந்தனைகளை வகுத்துள்ளது. ஆய்வின் அமைப்பிலோ, தரவுகளைத் திரட்டுவதிலோ, பகுத்தாய்வதிலோ குறிப்பிடத்தக்க பங்கு. எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். பிழை நேர்ந்தால் பொறுப்பேற்றல் என்னும் நான்கும் வேண்டும். எஞ்சியோர்க்கு நன்றி கூறும் பகுதியில் இடமுண்டு. நான்காவது நிபந்தனையைச் சிந்திக்க வேண்டுகிறேன். புகழில் பங்கு கேட்பவன் பழியிலும் பங்கு கேட்க வேண்டும்! ‘நாளை இந்த ஆய்வில் தவறு கண்டால் என் பெயரைச் சொல்லி என்னைக் கேட்பார்களா?’ என்று மாணவன் தன்னையே வினவினால், தான் எழுத வேண்டிய வினைச்சொல் தானே புலப்படும்.

சென்னை தந்த சான்று

பெரும் பணியைச் செய்தவர்கள் தம் பங்கை எவ்வளவு அடக்கமாகக் கூற இயலும் என்பதற்கு நம் தலைநகரிலேயே சான்றுண்டு. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. மருத்துவமனையில் படுக்க வைத்து அளிக்கும் சிகிச்சையும், நெருக்கமான ஏழை வீடுகளிலேயே வைத்து அளிக்கும் சிகிச்சையும் அங்கு ஒப்பிடப்பட்டன. வீட்டுச் சிகிச்சை தாழ்ந்ததன்று என்று காட்டி, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிய அந்த ஆய்வு, 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது எந்தத் தனி மனிதரின் பெயருமன்று, மையத்தின் பெயரே. மருந்து உட்கொள்ளப்படுகிறதா என்று வீடுவீடாகச் சென்று பார்த்த சுகாதாரப் பணியாளர்கள் இன்றி அந்த முடிவு பிறந்திருக்க முடியாது. ‘சென்னை மையத்தில் நோயாளர் வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளைச் சரிபார்த்தேன்’ என்று அவர்களுள் ஒருவர் எழுதியிருந்தால், அந்த ஒரு வரிக்கு ஈடான பெருமை எதில் உண்டு?

மற்றொன்று எங்கள் ஊருக்கு இன்னும் அண்மையது. காஞ்சிபுரம் அடங்கியிருந்த அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசி பற்றிய மாபெரும் ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். 1979-இல் வெளியான முதல் அறிக்கை, நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அவ்வூசி அங்குப் பயன் தரவில்லை என்று அறிவித்தது. (குழந்தைகளைத் தாக்கும் கொடிய காச வகைகளுக்கு எதிராக அது இன்றும் போடப்படுகிறது.) உலகம் எதிர்பார்த்த விடை அதுவன்று, கண்ட விடை அது. அதையே எழுதினர். தாம் எண்ணிய உயிரணுக்களில் வேறுபாடு ஒன்றும் காணப்படவில்லை என்று எழுத அஞ்சும் மாணவர், ஆராய்ச்சி என்பது வெற்றிச் செய்தியன்று, உண்மைச் செய்தி என்பதை இதிலிருந்து அறியலாம்.

‘எல்லாரும் கூட்டித்தானே எழுதுகிறார்கள்?’

பெற்றோர் பலர் கூறும் மறுப்பு இது. பிறர் மிகைப்படுத்தும்போது உள்ளதை மட்டும் எழுதும் பிள்ளை தோற்றுவிடாதா? தோற்கக்கூடும். நேர்மை ஒருபோதும் நட்டம் தராது என்று கூறுவது நேர்மையன்று. ஆனால் மிகைப்படுத்தி ஓர் இடத்தைப் பெற்றால், பெறாமல் போனவன் ஒருவன் உளன். அவன் முகம் நமக்குத் தெரியாது. தெரியாதவனுக்கு இழைத்த அநீதியும் அடியார்களின் உரிமையைப் பறித்ததே. ஹக்குல் இபாத் என்னும் அக்கடனை அவனைத் தேடிக் கண்டு தீர்க்கவும் இயலாது.

‘வசதியற்ற பிள்ளைக்கு ஆய்வுக்கூடமே கிட்டுவதில்லை, அவன் சற்றே கூட்டி எழுதினால் என்ன?’ என்று இரக்கத்தோடு கேட்பாரும் உண்டு. வாய்ப்பு சமமாக இல்லை என்பது உண்மை. மாமனோ தந்தையின் நண்பரோ பேராசிரியராக இருப்பவனுக்குக் கதவு எளிதில் திறக்கின்றது. ஆனால் கூட்டி எழுதும் வழக்கத்தால் ஆதாயம் பெறுபவன் யார்? கூட்டுவதற்கு ஏதேனும் கையில் உள்ளவன்தான். பூச்சியத்தை எத்துணை முறை பெருக்கினாலும் பூச்சியமே. கடைக்கணக்கு எழுதியும், நோயுற்ற பாட்டிக்கு மருந்து கொடுத்தும் காலம் கழித்த ஏழை மாணவனைக் காக்கக்கூடியது, எல்லாரும் உள்ளதை உள்ளவாறு எழுதும் நிலை ஒன்றே.

அளவுகோல் வகுப்போரையும் கூறாமல் விடலாகாது. ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கையை அளவாக்கிய இந்திய மருத்துவக் கவுன்சில், 2015-இல் பெயர்வரிசையில் முதல் இருவரையே கணக்கிடுவோம் என்று விதித்தது; 2017-இல் அதையும் மாற்றியது. பெயரின் வரிசைக்கு விலை வைத்தால் பெயருக்குச் சந்தை உண்டாகும். ஆயினும் சந்தை கூடியிருப்பது கலப்படம் செய்வதற்கு அனுமதியாகாது.

இவை அனைத்துக்கும் மேலான காரணம் ஒன்றுண்டு. இவ்விண்ணப்பம் மருத்துவனாவதற்கு உரியது. நாளை அவன் நோயாளியின் குறிப்பேட்டில், ‘நெஞ்சொலியைக் கேட்டேன்; குறையில்லை’ என்று எழுதுவான். இரவுப் பணிக்கு வரும் மருத்துவர் அந்த ‘கேட்டேன்’ என்னும் சொல்லை நம்பியே மருந்தின் அளவை முடிவு செய்வார். உண்மையில் கேட்டவன் செவிலியாகவோ, முந்தைய நாளைய மருத்துவராகவோ இருந்தால்? குறையுள்ள சரக்கைத் திருப்பித் தர ஃபிக்ஹுச் சட்டம் வாங்கியவனுக்கு உரிமை அளிக்கின்றது. போன உயிரைத் திருப்பித் தர எந்தச் சட்டமும் இல்லை. ஆராய்ச்சி அனுபவத்தைக் கூறுக என்று கல்லூரி கேட்பதன் உட்பொருள், நீ எவ்வளவு பெரியவன் என்பதன்று. நீ செய்ததற்கும் செய்யாததற்கும் இடையே உள்ள கோட்டை உன்னால் காண முடியுமா என்பதே.

இதன் மறுபக்கமும் கூறப்பட வேண்டும். ‘நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மா உதவினேன்’ என்று எழுதுவதும் சரியான சாட்சியமாகாது. பணிவு உள்ளத்தின் குணம். சாட்சியத்தில் அளவைக் குறைப்பது பணிவன்று. நானூறு தகடுகளை எண்ணியவன் நானூறு என்றே எழுதுக. எண்ணும்போது ஐயம் எழுந்து மூத்தவரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தால் அதையும் எழுதுக. ஆய்வின் வினா என்ன, அதை எழுப்பியவர் யார், தன் கை பட்ட இடம் எது, அதிலிருந்து தான் அறிந்தது என்ன, இன்னும் தனக்கு விளங்காதது என்ன என்னும் ஐந்தையும் 700 எழுத்துக்குறிகளுக்குள் அடக்கிவிடலாம். உண்மைக்கு அடைமொழி வேண்டாமையால் அது குறைந்த இடத்திலேயே நிற்கும்.

மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளும், அவர்களுக்கு எழுதிக் கொடுக்க முந்தும் பெற்றோரும் இதனைச் சிந்திப்பாராக. தன் பங்கைச் சரியாக அளந்து கூறப் பழகியவனிடமே பிறர் உயிரை ஒப்படைக்க முடியும். அந்தப் பழக்கம் மருத்துவக் கல்லூரியில் தொடங்குவதன்று; அதன் வாயிலில் நின்று எழுதும் முதல் வினைச்சொல்லிலேயே தொடங்குகின்றது.