இலையில் மிஞ்சும் சோறு

தானங்களிற் சிறந்தது அன்னதானம் என்பது ஆன்றோர் வாக்கு. பொன்னும் பொருளும் பெறுபவன் இன்னும் வேண்டும் என்பான். உணவு பெறுபவனோ வயிறு நிறைந்ததும் போதும் என்பான். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆலயங்களில் திருவிழாக் காலங்களில் இத்தானம் சிறப்புற நடைபெற்று வருகின்றது. ஆயினும் பந்தி முடிந்தபின் இலைகளில் மிஞ்சிக் கிடக்கும் சோறு யாருடைய கணக்கிற் சேரும்?

2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பருவமழை பொய்த்தது. காலபோகத்தில் பல வயல்கள் விதைக்கப்படாமலே கிடந்தன. 2016இல் ஏறத்தாழ 44 இலட்சம் தொன்னாக இருந்த இலங்கையின் நெல் விளைச்சல், 2017இல் ஏறத்தாழ 24 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. 2018 டிசம்பரிலோ இரணைமடுக்குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சியில் வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. வானம் ஒருமுறை மறுத்தது. மறுமுறை அளவின்றிக் கொட்டியது.

அதே 2017இல், சித்திரைப் புத்தாண்டு நாளான ஏப்ரல் 14ஆம் திகதி, கொழும்பின் கழிவுகள் கொட்டப்பட்ட மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வன்னி உழவன் வானத்தைப் பார்த்து நிற்க, தலைநகரில் எறிந்த உணவும் சேர்ந்து மலையாய்க் குவிந்திருந்தது. குப்பையிற் புதைந்து அழுகும் உணவிலிருந்து மீதேன் வாயு எழுகின்றது. புவியைச் சூடாக்கும் வாயுக்களுள் அதுவும் ஒன்று. அச்சூடு மழையின் முறையை மாற்றுகின்றது. ஒரு வரட்சிக்கு ஓர் இலையைக் குற்றஞ்சாட்ட முடியாதுதான். ஆனால் இலைகள் கோடிக்கணக்கானவை.

"காசு கொடுத்து வாங்கிய அரிசி, அதை என்ன செய்தாலென்ன?" என்று கேட்போர் உண்டு. காசு நெல்லுக்குக் கொடுத்த விலை. மழைக்கு விலை கொடுத்தவர் எவருமில்லை. ஆகவே சோற்றின் ஒரு பங்கு எவருக்கும் சொந்தமன்று. அது இறைவன் தந்தது.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் அமுதசுரபியைப் பெற்றவன். பாண்டிநாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மழையின்றிப் பசித்தோர்க்கு ஊட்டியவன். பின்னர் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டபோது, உண்பிக்க எவருமில்லாத இடத்தில் அப்பாத்திரத்தைத் தனக்கென வைத்துக்கொள்ள மனமின்றிக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தையே அவன் அவ்வாறு மதித்தான். வயலோ அமுதசுரபி அன்று, அது குறையும்.

கேட்டுப் பரிமாறுதல், சிறுவர்க்கு அளவோடு இடுதல், மிஞ்சியதைப் பந்திக்கு வர இயலாத முதியோர்க்கு அனுப்புதல் ஆகிய மூன்றும் செலவில்லாத தொண்டுகள். வெறுமையான இலையே நிறைவான நைவேத்தியம். அடியார்கள் இதனை உணர்ந்தொழுக எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவாராக.