ஆறு புள்ளிகளும் ஒரு நியதியும்

சீடன்: ஐயா, 1950-களில் ஹங்கேரியில் சாண்டோர் சாலாய் என்ற சமூகவியலாளர் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்தாராம். ஏறத்தாழ இருபது பிள்ளைகள் உள்ள எந்தக் கூட்டத்தை எடுத்தாலும், தமக்குள் எல்லோரும் நண்பர்களான நால்வரோ, ஒருவருக்கொருவர் நட்பே இல்லாத நால்வரோ அதில் இருந்தார்களாம். பிள்ளைகளின் மனத்தில் அப்படி என்ன விதி இருக்கிறது?

குரு: உனக்கு என்ன தோன்றுகிறது?

சீடன்: சிலர் நெருங்கிக் கூட்டமாகிவிடுவார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்கள் தனித்தனியே ஒதுங்கிப்போவார்கள். இரண்டும் ஒரே மனப்போக்கின் விளைவுகள்.

குரு: விளக்கம் அழகாக இருக்கிறது. அதனால்தான் எனக்குப் பயம். பிள்ளைகளைக் கொஞ்சம் மறந்துவிட்டுத் தாளில் ஆறு புள்ளி வை. எந்த இரண்டு புள்ளியையும் ஒரு கோட்டால் சேர். கோடு சிவப்போ நீலமோ, உன் விருப்பம். மூன்று பக்கமும் ஒரே நிறமான முக்கோணம் மட்டும் எங்கும் வரக்கூடாது.

சீடன்: முடியவில்லை ஐயா. கடைசிக் கோட்டுக்கு எந்த நிறம் கொடுத்தாலும் எங்கோ ஒரு முக்கோணம் மூடிக்கொள்கிறது.

குரு: ஒரே ஒரு புள்ளியில் நின்று பார். அதிலிருந்து ஐந்து கோடுகள் போகின்றன. நிறம் இரண்டுதான், ஆகவே மூன்று கோடுகளாவது ஒரே நிறம். சிவப்பு என்றே கொள். அந்த மூன்றின் மறுமுனைகளுக்கிடையே ஒரு கோடு சிவப்பானாலும் சிவப்பு முக்கோணம் வந்துவிடும்.

சீடன்: ஒன்றும் சிவப்பில்லை என்றால் மூன்றும் நீலம், அதுவே ஒரு நீல முக்கோணம்! தப்ப வழியே இல்லையே. ஐந்து புள்ளி என்றால்?

குரு: தப்பலாம். ஐங்கோணத்தின் பக்கங்களுக்குச் சிவப்பு, உள்ளே ஓடும் நட்சத்திரத்துக்கு நீலம். மூவர் குழுவுக்கு ஆறு என்றால், நால்வர் குழுவுக்கு 18. 1955-இல் கிரீன்வுட்டும் கிளீசனும் இதை நிறுவினார்கள். பதினேழு புள்ளிகளில் தப்பலாம், பதினெட்டில் முடியாது.

சீடன்: அப்படியானால் சாலாய் கண்டது பிள்ளைகளைப் பற்றிய செய்தியே இல்லையா?

குரு: இல்லை. இருபது நாடுகளை எடுத்து, உறவு உண்டா இல்லையா என்று கேட்டிருந்தாலும் அதே நால்வர் கிடைத்திருப்பார்கள். சாலாயின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். முடிவு எழுதுமுன் ஏர்டோஷ், டுரான், ஷோஷ் என்ற கணிதர்களிடம் போய்க் கேட்டார்.

சீடன்: இந்த நியதியைப் பொதுவாகக் கண்டவர் யார்?

குரு: கேம்பிரிட்ஜில் இருந்த பிராங்க் ராம்சே. அவர் தேடியது தர்க்கவியல் கேள்வி ஒன்றுக்கு விடை. வழியில் தேவைப்பட்ட ஒரு படிதான் இந்தத் தேற்றம். 1930 ஜனவரியில், 26 வயதில் இறந்துபோனார். கட்டுரை அச்சானதும் அதே ஆண்டில்தான். எவ்வளவு பெரிய ஒருநிறக் குழு வேண்டுமானாலும், கூட்டம் போதிய அளவு பெரிதானால் அது இருந்தே தீரும் என்று காட்டினார். அந்தப் ‘போதிய அளவு’ ஐவர் குழுவுக்கே இன்னும் பிடிபடவில்லை. 43-க்குக் குறையாது, 46-ஐத் தாண்டாது.

சீடன்: கணினியிடம் கொடுத்துவிடலாமே?

குரு: 43 புள்ளிகளுக்கு 903 கோடுகள். நிறமிடும் வழிகளை எண்ணினால் 272 இலக்கம் உள்ள எண் வரும். இருக்கிறது என்று அறிவது ஒன்று, எங்கே எப்போது என்று அறிவது வேறு.

சீடன்: ஒழுங்கு எப்படியும் வரும் என்றால், ஒழுங்கின்மை வெறும் தோற்றம்தானா?

குரு: முழுமையான ஒழுங்கின்மைதான் இல்லை. ஒழுங்கைத் தள்ளிப்போடலாம், மிகத் தொலைவுக்கும் தள்ளலாம். 1947-இல் ஏர்டோஷ் காட்டிய வழி வியப்பானது. ஒவ்வொரு கோட்டுக்கும் நாணயம் சுண்டி நிறம் கொடு என்றார். அப்படிக் கண்மூடி நிறமிட்டுத் தப்பும் அளவுக்கு, ஒரு விதியைச் சொல்லி நிறமிட்டுத் தப்ப இன்றுவரை எவராலும் முடியவில்லை. விதியை ஏமாற்ற விதி போதவில்லை, தற்செயல் வேண்டியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சீடன்: புள்ளியும் கோடும் தவிர வேறெங்கும் இது உதவுமா?

குரு: எண்களுக்குள்ளேயே இருக்கிறது. 1 முதல் 5 வரை எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு நிறங்களில் ஒன்று கொடு. இரண்டு எண்களும் அவற்றின் கூட்டுத்தொகையும் ஒரே நிறமாக எங்காவது அமைந்தே தீரும். ஒரே எண்ணை இருமுறை கூட்டுவதும் சேர்த்தி. ஃபெர்மா சமன்பாட்டை மீதி எண்கணிதத்தில் ஆராய்ந்தபோது 1916-இல் ஷூர் இந்த வகை உண்மையை நிறுவினார். உன் ஆறு புள்ளிகளுக்கு 0 முதல் 5 வரை பெயர் வை. ஒரு கோட்டின் இரு முனைகளுக்குள்ள வித்தியாசம் எந்த நிறமோ, அதுவே கோட்டின் நிறம்.

சீடன்: அங்கே ஒருநிற முக்கோணம் வந்தே தீரும். அதன் சிறிய வித்தியாசங்கள் இரண்டையும் கூட்டினால் பெரிய வித்தியாசம்... அதே படம்தான்!

குரு: அதேதான். தப்பிய ஐங்கோணமும் சும்மா இருக்கவில்லை. 1956-இல் ஷானன், பிழையே இல்லாமல் செய்தி அனுப்புவதைப் பற்றி எழுதினார். ஐந்து குறிகள், ஐங்கோணத்தில் அடுத்தடுத்து இருப்பவை ஒன்றோடொன்று குழம்பும். ஒரு தடவைக்கு இரண்டு குறிகளைத்தான் நம்பலாம். இரண்டு குறிகளைச் சேர்த்து அனுப்பினால் நான்கல்ல, ஐந்து செய்திகள் குழம்பாமல் போகும். அதற்கு மேல் எவ்வளவு நீட்டினாலும் ஒரு குறிக்குக் கிடைக்கும் பயன் கூடாது என்று நிறுவ 1979-இல் லோவாஸ் வரவேண்டியிருந்தது.

சீடன்: திரும்பவும் பிள்ளைகளிடமே வருகிறேன். கட்டாயமாக வரும் வடிவத்துக்குப் பொருள் இல்லை என்றால், பொருள் உள்ளதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

குரு: கட்டாயம் எவ்வளவு என்று முதலில் கணக்கிடு. 1959-இல் குட்மன் அதற்குச் சூத்திரம் தந்தார். இருபது புள்ளிகளில் 1140 முக்கோணங்கள். எப்படி நிறமிட்டாலும் குறைந்தது 240 ஒரே நிறமாகும்.

சீடன்: நாணயம் சுண்டினால் நான்கில் ஒன்று, சராசரி 285. அப்படியானால் 290-ஐக் கண்டு துள்ளக்கூடாது. 600 கண்டால் பிள்ளைகளிடம் போய்க் கேட்கலாம்.

குரு: அவசரப்படாதே. நாணயத்தில் தலையும் பூவும் சரிபாதி. இருபது பிள்ளைகளில் 190 இணைகள். அவற்றில் பாதி நட்பு என்று உனக்கு யார் சொன்னது?

சீடன்: நட்பு அரிதாக இருந்தால், நட்பில்லாத மூவர் தாமாகவே பெருகிவிடுவார்கள். 600 கூடச் செய்தியில்லாமல் போகலாம். முதலில் இணைகளை எண்ணுகிறேன், ஐயா.