போதுமென்ற மனமும் மிஞ்சிய தானியமும்

கிறிஸ்தவ வாழ்வில் மனநிறைவு என்பது பொருளாசைக்கு எதிரான ஓர் உள்ளமைதி என்றே பெரும்பாலும் விளக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆயினும், இருப்பதைக் கொண்டு அமைந்திருப்பது மட்டுமே அதன் முழு இலக்கணம் என்றால், களஞ்சியம் நிறைந்தவனுக்கே அது எளிதில் வாய்த்துவிடும். லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில் வரும் செல்வன், விளைச்சலைச் சேர்த்துவைக்க இடம் போதாமல், பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்டத் திட்டமிட்டுவிட்டு, தன் ஆத்துமாவையே விளித்து இளைப்பாறச் சொல்கிறான். அவனிடமும் ஒருவகை நிறைவு இருக்கத்தான் செய்கிறது. அந்த நிறைவையே மதிகேடு என்று நற்செய்தி தீர்ப்பளிப்பதால், கிறிஸ்தவ மனநிறைவை எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்ற கேள்வி எழுகிறது.

இதற்கு மிக நெருக்கமான விடை பவுல் பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதிய நிருபத்தின் இறுதிப் பகுதியில் உள்ளது. காவலில் இருந்த பவுலுக்கு அச்சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் வழியாக உதவி அனுப்பியிருந்தனர். கொண்டு வந்தவரோ சாகும் தறுவாய் வரை நோயுற்றுப் பிழைத்தார். உதவிக்கு நன்றி சொல்லும் அந்த இடத்தில்தான், குறைவிலும் நிறைவிலும், பசியிலும் பரிபூரணத்திலும் மனநிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் எழுதுகிறார். மனநிறைவு பிறவிக் குணமாகவோ ஒரே நாளில் இறங்கிய வரமாகவோ அன்றி, பழகிப் பழகிக் கைவந்த ஒன்றாக அவருக்கு இருந்தது என்பது இதனால் தெளிவாகிறது. அக்காலத்து ஸ்டோயிக்குகள், அதாவது புறத்தே நிகழும் எதுவும் அறிவுடையோனின் நிம்மதியைக் குலைக்கலாகாது என்று கற்பித்த கிரேக்க, உரோமத் தத்துவ மரபினர், இதே தன்னிறைவைத் தங்கள் உயர்ந்த நற்பண்பாகப் போற்றினர். ஆனால் ஸ்டோயிக் ஞானி தன் நிறைவைத் தன்னுள்ளேயே தேடிக்கொள்ள, பவுலோ தம்மைப் பலப்படுத்தும் கிறிஸ்துவிடமிருந்து அதைப் பெற்றதாகச் சொல்கிறார். அதனால்தான், தமக்கு எதுவும் வேண்டுவதில்லை என்று சொல்லி அந்த உதவியைத் திருப்பி அனுப்பாமல், முன்பு தெசலோனிக்கேயில் இருந்தபோதும் அவர்கள் அனுப்பியதை நினைவுகூர்ந்து, மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ள அவரால் முடிகிறது. பிறரிடம் கைநீட்டிப் பெறுவதற்கு நாணாத நிறைவு இது. தன்மானம் பொருந்திய தனிமையைவிட இது அரியது என்றே கொள்ளத் தோன்றுகிறது.

பின்வந்த தலைமுறைகள் இதை ஒரே வகையில் வாழ்ந்துகாட்டவில்லை. எகிப்தில் அந்தோணியார், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லும் நற்செய்தி வாசகத்தை ஆலயத்தில் கேட்டதும், பெற்றோர் விட்டுச்சென்ற நிலத்தைத் துறந்து, பிற்பாடு பாலைவனம் புகுந்தார் என அவரது வரலாற்றை எழுதிய அத்தனாசியார் கூறுகிறார். அவருக்கு முந்தைய தலைமுறைகளில் அலெக்சாந்திரியாவில் போதித்த கிளமென்டோ, அதே வாசகத்தை விளக்கும்போது, எறியப்பட வேண்டியது உள்ளத்தைப் பிணிக்கும் பற்றே என்றும், எவரிடமும் எதுவும் இல்லாமற்போனால் பசித்தவனுக்கு உணவளிப்பவர் யார் என்றும் வாதிட்டார். கிளமென்டின் வாதம் நியாயமானதே. ஆனால் பற்றில்லாமல் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வைத்துக்கொண்டே இருப்பதற்கும் அது வசதியான ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறது.

அந்த வாயிலை அடைத்தவர் கப்பதோக்கியாவின் செசரியா நகரத்துப் பசிலியார். 368ஆம் ஆண்டையொட்டி அப்பகுதியில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, கடலோர நகரங்களைப் போல வெளியிலிருந்து தானியம் தருவிக்க வழியில்லாத அந்த உள்நாட்டு ஊரில், இருப்பு வைத்திருந்தோர் விலையேற்றத்துக்காகக் காத்திருந்தனர். களஞ்சியத்தை இடித்துக் கட்டும் அதே செல்வனின் உவமையை எடுத்துக்கொண்டு அவர் ஆற்றிய மறையுரை, மிஞ்சிய தானியத்துக்கான களஞ்சியம் ஏழைகளின் வயிறே என்றும், பூட்டி வைக்கப்பட்ட அப்பம் பசித்தவனுக்கு உரியது என்றும் வலியுறுத்துகிறது. தேவைக்கு மிஞ்சியதை வைத்திருப்பது ஈகைக் குறைவு என்பதைக் கடந்து, பிறன் பொருளைக் கவர்ந்திருப்பதாகவே அவர் கண்ணுக்குப் படுகிறது. அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார் தரும் சித்திரத்தில், பசிலியார் செல்வர்களின் கிடங்குகளைச் சொல்லால் திறக்கச்செய்து, பயற்றுக் கஞ்சியும் உப்பிட்ட இறைச்சியும் கொப்பரைகளில் வைத்துப் பசித்தோருக்குத் தம் கையாலேயே பரிமாறுகிறார். போதும் என்று ஒருவர் தனக்குள் சொல்லிக்கொள்ளும் இடத்தில் அடுத்தவரின் பங்கு தொடங்குகிறது என்ற இந்த எல்லைக்கோட்டிலேயே கிறிஸ்தவ மனநிறைவின் அடையாளம் இருக்கிறது.

அக்கோட்டைத் தவறவிட்டால் மனநிறைவே செல்வத்தைப் பெருக்கும் வழியாகிவிடும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி வேதனையோடு கண்டார். மெதடிஸ்டுகள், அதாவது இங்கிலாந்தில் அவர் தொடங்கிய பக்தி எழுச்சி இயக்கத்தார், உழைப்பிலும் சிக்கனத்திலும் ஊன்றியதால் பணம் சேர்த்தனர். பணம் சேரச்சேரப் பக்தி தேய்ந்தது. இயன்றதை ஈட்டவும், இயன்றதைச் சேமிக்கவும், இயன்றதைக் கொடுக்கவும் அவர் கற்பித்திருக்க, முதல் இரண்டைப் பலர் கடைப்பிடித்து மூன்றாவதைக் கைவிட்டனர். ஆக்ஸ்ஃபோர்டு நாட்களில் ஆண்டு வருமானம் 30 பவுனாக இருந்தபோது 28 பவுனில் வாழ்ந்த ஒருவர், அது 60ஆகவும் 90ஆகவும் உயர்ந்த பிறகும் அதே 28இல் வாழ்ந்து மீதியைக் கொடுத்துவிட்டதாக வெஸ்லியின் பிரசங்கம் ஒன்று குறிப்பிடுகிறது. அது அவரையே குறிப்பதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. வருமானம் ஏறும்போது தேவையும் உடன் ஏற வேண்டியதில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. காணிக்கை கொடுத்தால் தேவன் அதைப் பன்மடங்காகப் பணமாகவே திருப்பித் தருவார் என்னும் இன்றைய செழிப்பு உபதேசம், கொடுப்பதையே முதலீடாக்கி இந்த முயற்சியைத் தலைகீழாகத் திருப்பிவிடுகிறது.

போதுமென்ற மனத்தைக் கூலி கேட்பவனின் வாயை அடைக்கப் பயன்படுத்தும் கொடுமையும் இதற்குச் சற்றும் குறைந்ததன்று. அறுவடை செய்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபின் நிருபம் நிலவுடைமையாளரைக் கண்டிக்கிறதே அன்றி, வேலையாட்களைப் பொறுத்துப்போகச் சொல்லிக் கூலியை மறக்கச் செய்யவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் உணவும் உடையும் உண்டானால் அது போதும் என்று சொல்லும் 6ஆம் அதிகாரத்திலேயே, சில வசனங்கள் கழித்து ஐசுவரியவான்களைத் தனியே குறிப்பிட்டு, நிலையற்ற செல்வத்தின்மேல் நம்பிக்கை வையாமல் தாராளமாய்ப் பகிர்ந்தளிக்கும்படி அவர்களுக்குக் கட்டளையிடச் சொல்கிறது. உணவும் உடையும் இல்லாதவரிடம் அந்த அதிகாரம் எதையும் கேட்கவில்லை.