சந்திரமதிக்கு யார் பதில் சொல்வது?

செட்டிநாட்டு வீடுகளுக்கு இத்தாலியிலிருந்து பளிங்கு வந்தது, பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி வந்தது, பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. இத்தாலியின் ஆப்பரா மட்டும் கப்பலேறவில்லை. வராததை ஊர் ஒரு குறையாக நினைக்கவும் இல்லை. விடிய விடியப் பாட்டாலேயே கதை நடத்தி, உட்கார்ந்திருப்பவரை அழவைக்கும் கலை இங்கேயே இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) செப்பனிட்டுத் தந்த இசை நாடகம், ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற பெயரில் காரைக்குடிப் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் இன்றும் நடக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. முதலில் பபூன் வந்து சிரிக்க வைப்பார். கதை சூடுபிடிக்க நடுச்சாமம் ஆகிவிடும்.

கிராக்கி அதிகம் வள்ளி திருமணத்துக்குத்தான். நெஞ்சை அறுப்பது அரிச்சந்திர மயான காண்டம்.

விசுவாமித்திரருக்குப் பட்ட கடனுக்காக மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் விற்ற அரிச்சந்திரன், தன்னையும் சுடுகாட்டுக்காரன் வீரவாகுவிடம் விற்றுக்கொள்கிறான். பாம்பு தீண்டிச் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி அதே மயானத்துக்கு வருகிறாள். இருட்டில் ஒருவரையொருவர் தெரியவில்லை. கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி கொடுத்தால்தான் பிணம் வேகும் என்கிறான் காவலன். கையில் ஒன்றுமில்லை என்று அவள் அழ, கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக்கொடு என்கிறான். புருஷன் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய தாலி அது. அந்தக் கணத்தில்தான் அவளுக்கு விளங்குகிறது, எதிரே நிற்பவன் யாரென்று. அவனுக்கும்.

அதற்குப் பிறகும் அவன் கூலியை விடுவதில்லை. கால்பணம் அவனுடையதல்ல, எசமானுடையது.

கேள்வி இங்கேதான் முளைக்கிறது. வாக்குக் கொடுத்தவன் அரிச்சந்திரன். சந்தையில் விலைபோனவள் சந்திரமதி. உயிர்விட்டவன், எந்த வாக்கும் கொடுத்தறியாத லோகிதாசன். ஒருவன் காக்கும் சத்தியத்துக்கு இன்னொருவர் விலை கொடுத்தால், அந்தப் புண்ணியம் யார் கணக்கில் சேரும்? கடைசியில் சந்திரமதியை வெட்ட அரிச்சந்திரன் ஓங்கிய வாள் மாலையாகிறது, சிவன் தோன்றுகிறார், பிள்ளை எழுந்திருக்கிறான், ராஜ்யம் திரும்புகிறது. சோதனையில் ராஜா தேறிவிட்டார். அவளும் பிள்ளையும் அந்தச் சோதனைக்குச் சம்மதித்தார்களா என்று சாமி கேட்டதாகக் கதையில் இல்லை.

சிறுவயதில் இந்த நாடகத்தைப் பார்த்த காந்தி, எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல இருக்கக்கூடாது என்று ஏங்கியதைச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். அதே புத்தகத்தில் இன்னொரு காட்சி. 1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பும்போது வந்த பரிசுகளையெல்லாம் பொதுக்காரியத்துக்கு எழுதிவைக்க முடிவுசெய்கிறார். அவற்றில் கஸ்தூரிபாவுக்கென்றே தரப்பட்ட தங்கச் சங்கிலியும் ஒன்று. எனக்குக் கொடுத்ததை விட்டுக்கொடுக்க உங்களுக்கு என்ன உரிமை என்று அவர் மல்லுக்கு நின்றார். சங்கிலி போனது. ஆனால் சந்திரமதி கேட்காததைக் கேட்டுவிட்டார்.

இத்தாலிக்காரர்கள் இதே முடிச்சை வேறு விதமாகப் போட்டார்கள். புச்சினியின் ‘டாஸ்கா’ ஆப்பரா 1900இல் ரோமில் அரங்கேறியது. கோயிலுக்குப் பூ கொண்டுபோகும் பக்தியுள்ள பாடகி டாஸ்கா. காதலனின் உயிருக்குப் பேரம் பேசுகிறான் போலீஸ் அதிகாரி ஸ்கார்ப்பியா. பொய்யாகச் சுடுவது போல் நடித்து விட்டுவிடுவோம் என்று வாக்குத் தருகிறான். யாருக்கும் தீங்கு செய்யாத எனக்கு ஏன் இந்தக் கூலி என்று அவள் கடவுளிடமே பாடிக் கேட்கிறாள். பதில் வரவில்லை. ஸ்கார்ப்பியாவைக் குத்திக் கொல்கிறாள். பிணத்தின் இருபுறமும் மெழுகுவர்த்தி வைத்து, மார்பில் சிலுவையையும் வைத்துவிட்டுத்தான் நகர்கிறாள். விடியலில் துப்பாக்கிகள் நிஜமாகவே சுடுகின்றன. கோட்டை மதிலிலிருந்து அவள் குதிக்கிறாள், கடவுள் சந்நிதியில் கணக்குத் தீர்க்க. அங்கே பொய்யான வாக்கு கொன்றது. இங்கே மெய்யான வாக்கு.

1992 ஜூலையில் அந்த ஆப்பராவைக் கதை நடந்த இடங்களிலேயே, கதை சொல்லும் நேரங்களிலேயே படம்பிடித்து நேரடியாக ஒளிபரப்பினார்கள். தேவாலயக் காட்சி தேவாலயத்தில், விடியற்காலைக் காட்சி விடியற்காலையில். இசைக்குழு வேறொரு கூடத்தில் இருக்க, அதை நடத்தியவர் பம்பாயில் பிறந்த சூபின் மேத்தா. விடியலின் அருமை தெரிந்து எடுத்தார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் சாமி வருவதும் கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான். இரவு முழுக்க அழுத சனத்துக்கு அந்த வருகை ஏதோ ஒரு வகையில் நியாயமாகப்படும்.

நம் சினிமா அந்த இரவைச் சுருக்கிவிட்டது. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், 1943இல் கன்னடத்தில் வந்த ‘சத்ய ஹரிச்சந்திரா’வை மறு ஆண்டே தமிழில் குரல் மாற்றி வெளியிட்டார், இந்தியாவின் முதல் டப்பிங் படம் என்று அதைச் சொல்வார்கள். அதில் சுடுகாடும் சிவனும் ஒரே ஆட்டத்துக்குள் முடிந்தாக வேண்டும். வலி அவ்வளவு சீக்கிரம் தீர்ந்தால், அது வலியாக இருந்ததா என்றே சந்தேகம் வரும்.

காரைக்குடிக்கு அருகே கோவிலூர் மடத்தில் வேதாந்தம் படித்தவர்கள், எல்லாம் மாயை, விற்றவனும் இல்லை விலைபோனவளும் இல்லை என்று சொல்லக்கூடும். மேடையில் பிள்ளையை மடியில் கிடத்தி ஸ்திரீபார்ட் எடுக்கும் முகாரிக்கு முன்னால் அந்தப் பதில் நிற்காது.

இப்போது கைப்பேசியில் எடுத்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். புலம்பல் மட்டும் தனித்துண்டாக ஓடுகிறது. சாமி வருவதற்குள் வீடியோ முடிந்துவிடுகிறது. எடுத்தவருக்குத் தெரியாமலே அரிச்சந்திரன் டாஸ்காவாகிவிடுகிறான். இது ஒரு வகையில் நேர்மைதான். ஆனாலும் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மங்களம் பாடும்வரை முழு இரவையும் எடுங்கள், ஆர்மோனியக்காரர் உட்பட எல்லார் பெயரையும் போடுங்கள். சிவன் தோன்றும்போது கேமராவை ராஜபார்ட் பக்கம் திருப்பிவிடாமல், சந்திரமதி மேலேயே வையுங்கள்.