தாப்பாவ் பொட்டலமும் அம்மா கொடுத்த போத்தலும்

எல்லாரும் பசியாறிட்டீங்களா?

நம்ம ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா முதல்ல கேட்கிற கேள்வி இதுதான். சாப்பாட்டைப் பற்றி என் அம்மாவிடம் நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

எனக்கு வீடு சுங்கைப் பட்டாணியில். படிப்பது ஜொகூரில், இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. விடுமுறை முடிந்து இரவுப் பேருந்து ஏறும்போதெல்லாம் அம்மா ஒரு பையைக் கையில் கொடுப்பார். ஒரு செமஸ்டர் தொடக்கத்தில் அந்தப் பையில் ஒரு போத்தல் வத்தக்குழம்பு இருந்தது. அம்மா தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். அன்றைக்கு இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தவர், தூங்கப் போகாமல் சுண்டைக்காய் வத்தலை வறுத்து, புளி கரைத்து, எண்ணெய் பிரிகிற வரைக்கும் அடுப்பு முன்னாலேயே நின்றார். "சோறு மட்டும் ஆக்கிக்கப்பா. இத ஊத்திப் பிசைஞ்சு சாப்பிட்டா போதும், ஒரு மாசம் தாங்கும்" என்றார்.

நான் சோறு ஆக்கவே இல்லை.

வாடகை வீட்டில் நாங்கள் ஆறு பேர். இரவு பதினொரு மணி ஆனால் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: "தாப்பாவ் யாருக்கு வேணும்?" ஒருநாள் மீ கோரிங். ஒருநாள் பொரித்த கோழியோடு நாசி கண்டார், மேலே நாலு குழம்பும் கலந்து ஊற்றியது. மறுநாள் ரொட்டி சானாய். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஒரு கை மவுஸில், ஒரு கை பொட்டலத்தில். என்ன சாப்பிடுகிறோம் என்று பார்ப்பதுகூட இல்லை. சாப்பிட்டு முடித்துக் காகிதத்தைச் சுருட்டினால், விரலெல்லாம் எண்ணெய்.

செமஸ்டர் முடிந்து வீட்டைச் சுத்தம் பண்ணும்போது, குளிர்பெட்டியின் பின்பக்கத்தில் அந்தப் போத்தல் கிடந்தது. திறந்தால் மேலே வெள்ளையாகப் பூஞ்சைக்காளான். கழுவுத் தொட்டியில் கொட்டினேன். போத்தலை மட்டும் மூன்று தடவை நன்றாகத் தேய்த்துக் கழுவி, பையில் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் அம்மா போத்தலைத் திருப்பிக் கேட்பார்.

வீட்டுக்குப் போனதும் கேட்டார்: "வத்தக்குழம்பு நல்லா இருந்துச்சாப்பா?"

"நல்லா இருந்துச்சும்மா."

அம்மா முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கொட்டியது குழம்பை மட்டும் இல்லை, அவர் தூங்காமல் நின்ற அந்த ஒரு பகலையும்தான்.

இதுல சமயம் எங்கே வருது என்று நீங்கள் கேட்கலாம். நம் சமயம் சாப்பாட்டைப் பற்றிப் பேசாத இடம் குறைவு. சாந்தோக்கிய உபநிடதத்தில் நம்மைப் போலவே ஒரு மாணவன் வருகிறான். பெயர் சுவேதகேது. 12 வயதில் குருகுலம் போனவன், 24 வயதில் வேதங்களையெல்லாம் படித்து முடித்து, கொஞ்சம் தலைக்கனத்தோடு வீடு திரும்புகிறான். அவனுடைய அப்பா உத்தாலகர் அவனுக்குப் பல பாடங்களைச் சொல்லித் தருகிறார். அதில் ஒன்று உணவைப் பற்றியது. நாம் சாப்பிடுவதில் கனமான பகுதி கழிவாகப் போகிறது, நடுப்பகுதி தசையாகிறது, மிக நுண்ணிய பகுதி, தயிரைக் கடைந்தால் வெண்ணெய் மேலே வருவது போல எழும்பி, மனமாகிறது என்கிறார்.

மகனுக்கு இது பிடிபடவில்லை. உடனே அப்பா ஒரு பரிசோதனை வைக்கிறார். "பதினைந்து நாள் சாப்பிடாதே. தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு குடி." பதினாறாம் நாள் கூப்பிட்டு, படித்த வேதத்தைச் சொல்லச் சொல்கிறார். பன்னிரண்டு வருடம் படித்தவனுக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை! அப்போது அப்பா சொல்கிறார்: பெரிய நெருப்பு அணைந்து, மின்மினி அளவுக்கு ஒரு கங்கு மட்டும் மிச்சமிருந்தால் அதனால் எதையும் எரிக்க முடியாது, உன் நிலையும் அதுதான், போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. அவன் சாப்பிட்டு வந்ததும் கேட்டதற்கெல்லாம் பதில் வருகிறது.

லேப் ரிப்போர்ட் எழுதுகிற நமக்கு இது புதிதில்லை. உள்ளே என்ன போடுகிறோமோ அதுதான் வெளியே வரும். தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பொரித்த கோழியை இறக்கிவிட்டு, பாதிப் பாடத்தில் கண் சொருகும்போது "எனக்கு ஞாபக சக்தியே இல்லை" என்று சொல்லிக்கொள்கிறோம்.

அப்படியென்றால் எண்ணெய்தான் எதிரியா? கீதையின் 17-ஆவது அத்தியாயத்தில் கண்ணபிரான் உணவை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார். ஆயுளையும் பலத்தையும் மகிழ்ச்சியையும் வளர்ப்பது சாத்துவிக உணவு. அதன் குணங்களில் நெய்ப்பசை உடையதாக இருப்பதும் ஒன்று! எண்ணெயையோ நெய்யையோ கீதை விலக்கவில்லை. அளவு மீறிய காரம், புளிப்பு, உப்பு, சூடு என்று நாக்கைச் சுண்டி இழுத்து, பிறகு துன்பத்தையும் நோயையும் தருவது ராஜச உணவு. சமைத்து ஒரு யாமம், அதாவது மூன்று மணி நேரம் கடந்து, சாரம் போய், பழசாகிக் கெட்டது தாமச உணவு.

நான் படிக்கும் துறையிலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். பொரிக்கிற எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெடுகிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எண்ணெய் கெட்டியாகிறது, கறுக்கிறது. புகை கிளம்பும் வெப்பநிலையும் இறங்கிக்கொண்டே போகிறது. நம்ம மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றணும் என்று நமக்கு மனப்பாடம். வயிற்றுக்குள் போகிற எண்ணெய் எத்தனையாவது தடவை காய்ந்தது என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறோமா?

விளைவும் கண் முன்னால் இருக்கிறது. 2019-இல் நம் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்று பேரில் ஒருவர். என் அப்பாவும் அதில் ஒருவர். "இனிப்பு நீர்" என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்கிற அந்த வார்த்தைக்குப் பின்னால், வாழ்நாள் முழுக்க மாத்திரையும் பயமும் இருக்கின்றன. இதற்குத் தாப்பாவ் மட்டும் காரணம் இல்லை. வீட்டிலேயே குவித்துப் போடுகிற வெள்ளைச் சோறும், மூன்று கரண்டிச் சீனி போட்ட தேநீரும் அதில் உண்டு. வீட்டில் ஆக்கியது என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது.

அதேபோல, சைவம் என்பதாலேயே சாத்துவிகம் ஆகிவிடாது. புரட்டாசி மாதம் வந்தால் நாம் எல்லாரும் சைவம். ஆனால் தட்டில் என்ன இருக்கிறது? சைவ ஆடு, சைவ மீன், சைவக் கோழி! எல்லாம் எண்ணெயில் மூழ்கி எழுந்தவை. தைப்பூசத்துக்கு வாரக் கணக்கில் பயபக்தியோடு விரதம் இருக்கிறோம். காவடியை இறக்கி, விரதம் முடிந்த அன்றைக்கு இரவே எங்கே போய் உட்காருகிறோம் என்று உங்களுக்கே தெரியும். நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

இவ்வளவும் சொன்னதால் கடைச் சாப்பாட்டை நான் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உணவை இகழக் கூடாது என்பதைத் தைத்திரீய உபநிடதம் ஒரு விரதமாகவே வைக்கிறது. விடியற்காலை இரண்டு மணிக்கும் கல் முன்னால் நின்று ரொட்டி வீசுகிற அண்ணனும் ஒரு குடும்பத்துக்காகத்தான் நிற்கிறார். அவர் நம்மைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நாமாகத்தான் தினமும் போகிறோம்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "வீட்டுச் சாப்பாடே சிறந்தது" என்று நம் கூட்டங்களில் எல்லாரும் பேசுகிறோம், கை தட்டுகிறோம். பிறகு வீட்டுக்குப் போய் மேசையில் உட்கார்ந்து, "அம்மா, சாப்பாடு" என்று கூப்பிடுகிறோம். அப்படியென்றால் நம் பேச்சுக்கு என்ன அர்த்தம்? பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற ஒருவர், நமக்காக இன்னும் இரண்டு மணி நேரம் நிற்கணும் என்பதுதான் அர்த்தம். இதைத் தர்மம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கடுமையான வார்த்தை இருக்கிறது. தனக்காக மட்டும் சமைப்பவர்கள் பாவத்தையே உண்கிறார்கள் என்கிறார் பகவான். அவர் பார்ப்பது, யாருக்காக அடுப்பு எரிகிறது என்பதை. பிறருக்காகவும் இறைவனுக்காகவும் சமைத்து, மிச்சத்தைத் தான் உண்டால் அது வேள்வி. நான் அறையில் தனியாக உட்கார்ந்து பிரித்த பொட்டலத்தில் எண்ணெய் இருந்தது, உப்பு இருந்தது. இன்னொருவர் மட்டும் இல்லை.

இந்த இடத்தில் பெரியபுராணத்தில் வரும் இளையான்குடி மாறனாரை நினைத்துப் பாருங்கள். அடியார்களுக்குச் சோறு போட்டே செல்வம் முழுவதும் கரைந்துபோனது. ஒரு மழை இரவில், வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லாத நேரத்தில், சிவபெருமான் அடியார் வேடத்தில் வந்து நிற்கிறார். என்ன செய்வது? காலையில் வயலில் விதைத்த முளைநெல்லை எடுத்து வந்தால் சமைக்கலாம் என்று வழி சொல்கிறார் மனைவி. கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கும்மிருட்டில் காலால் தடவித் தடவி வயலுக்குப் போய், தண்ணீரில் மிதந்த நெல்லை வாரிக்கொண்டு வருகிறார் நாயனார். விறகு இல்லை, வீட்டுக் கூரையின் கழியை வெட்டிக் கொடுக்கிறார். கறிக்கு ஒன்றும் இல்லை; கொல்லையில் வளராத கீரையைப் பறித்து வருகிறார். அந்த அம்மையார் நெல்லை வறுத்து, குற்றி, சோறாக்கி, இருந்த கீரையையே பல விதமாகச் சமைக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டபோது அடியார் சோதியாக எழுந்தார்.

சின்ன வயதில் சமய வகுப்பில் இந்தக் கதையைக் கேட்டபோது, சிவபெருமான் வந்ததைத்தான் பெரிதாக நினைத்தேன். இப்போது படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. மாறனார் "ஏதாவது ஆக்கிப் போடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்காரவில்லை. மழையில் நனைந்து போனவர் அவர். அந்தச் சமையல் இரண்டு பேரும் சேர்ந்து செய்த பூசை.

அதனால் நாங்கள் ஆறு பேரும் ஒரு முடிவெடுத்தோம். வெள்ளிக்கிழமை இரவு தாப்பாவ் கிடையாது. முதல் வெள்ளிக்கிழமை சோறு கஞ்சியாகிவிட்டது, பருப்பு வேகவே இல்லை. ரசத்தில் யார் உப்புப் போட்டது என்று தெரியாமல் மூன்று பேர் போட்டுவிட்டோம். இருந்தாலும் அலமாரியில் இருக்கும் பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றி, ஒரு கிண்ணத்தில் வைத்துப் படைத்துவிட்டுத்தான் சாப்பிட்டோம். பிள்ளையார் பொறுமைசாலி.

நாலாவது வாரத்தில் பருப்பு நன்றாக வந்தது. கொஞ்சம் மிஞ்சியதால், எங்கள் தாமான் வாசலில் இரவுக் காவல் இருக்கும் நேப்பாளக்காரருக்கு ஒரு தட்டு கொண்டுபோனேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். பருப்பும் சோறும்தான் தன் வீட்டுச் சாப்பாடும் என்று மலாயில் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஏழு பேருக்குச் சமைக்கிறோம். ஏழு பேருக்கும் சேர்த்து இருபது வெள்ளிகூட ஆவதில்லை. மற்ற நாட்களில் இன்னும் தாப்பாவ் வாங்குகிறோம், மறைக்க விரும்பவில்லை. ஆனால் வாங்கினாலும் லேப்டாப்பை மூடிவிட்டு, ஒன்றாக உட்கார்ந்து, ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டுப் பிரிக்கிறோம்.

போன விடுமுறையில் அம்மா இரவு வேலை முடிந்து வரும்போது, சோறும் ரசமும் ஒரு கீரைப் பொரியலும் ஆக்கி வைத்திருந்தேன். அம்மா கைகழுவி உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். அவர் ஒரு வாய் சாப்பிட்ட பிறகு, அந்தப் போத்தலைப் பற்றிய உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்பா" என்றார். "நீ என்னைக்குப் போத்தலைக் கழுவிக் கொண்டு வந்திருக்க? அன்னைக்கு மட்டும் பளபளன்னு இருந்துச்சு."

தெரிந்தும் இத்தனை மாதமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த தடவையும் பை நிறையக் கட்டித்தான் கொடுத்திருந்தார்.

நண்பர்களே, பெரிய விரதம் எதுவும் எடுக்கச் சொல்லவில்லை. ஆணோ பெண்ணோ, இந்த மாதத்துக்குள் ஒரு சமையலை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். ரசமாக இருந்தாலும் போதும். அதை ஒருநாள் உங்கள் கையால் ஆக்கி, இறைவனுக்குப் படைத்து, இன்னொருவருக்குப் பரிமாறிவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள். எத்தனையோ வருடமாக அம்மா நம்மைக் கேட்கிற கேள்வியை, ஒரு தடவை நாமும் அவரிடம் கேட்போம்:

"நீங்க பசியாறிட்டீங்களாம்மா?"

சிவாயநம.