கட்டுதலும் ஹிம்சையே

புழலில் ஆதிநாதரை வணங்கி வடக்கே செல்வோர் செங்குன்றத்தில் அரிசி ஆலைகளைக் காண்பர். மேலும் சென்றால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடைவர். இப்பகுதியின் ஏரிக்கரைகளிலும் ஓடைப் புறம்போக்குகளிலும் இருளர் குடிசைகள் உள்ளன. அவற்றை நின்று நோக்குவோர் சிலரே.

வயல் வளைகளில் எலி பிடிப்பதும், எலி சேர்த்த நெல்லை எடுப்பதும், பழவேற்காட்டு ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பதும் இருளரின் பழைய பிழைப்பு. “கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நாம் இவர்களை எவ்வாறு கருதுவது?” என நம்மவர் வினவுவதுண்டு. வினா நியாயமானதே, ஆயின் அது நம்மையும் நோக்கித் திரும்ப வேண்டும்.

அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை உமாஸ்வாமிகளின் தத்வார்த்த சூத்திரம் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவற்றில் உயிர் போக வேண்டியதில்லை. எனினும் விரதம் பழுதாகிறது. இவற்றைக் கால்நடைகளுக்கே உரியனவாக எண்ணிவிடுகிறோம்.

சிறு தொகையை முன்பணமாகப் பெற்று, அது தீரும்வரை குடும்பத்தோடு அரிசி ஆலையிலோ செங்கற்சூளையிலோ அடைபட்டு உழைப்பவனின் நிலை என்ன? கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை, கட்டு உண்டு. 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்து, அக்கடனையும் செல்லாததாக்கியது. அதன் பின்னரும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்க நேர்ந்துள்ளது. அரிசியில் புழு உண்டா என ஆராய்ந்து உலையிலிடுகிறோம். அந்நெல்லை அவித்த கை கட்டுண்டதா என ஆராய்வதில்லை.

“நாம் கட்டவில்லையே” எனலாம். உண்மைதான். ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியிலும் வினை சேரும் என்பது நம் ஆகமம். அறியாதவன் உடன்பட்டவன் அல்லன். அறிந்தும் வாளாவிருப்பவன் அப்படிச் சொல்லிக்கொள்ள இயலாது.

இருளர் முன்பு தோலுக்காகப் பாம்புகளைக் கொன்றனர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த ஏற்றுமதித் தடையும் அதனை நிறுத்தின, பிழைப்பும் போயிற்று. 1978இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியை மையமாகக் கொண்டு அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதன் உறுப்பினர் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து ஆகும் மருந்து பாம்பு கடித்தோரின் உயிர் காக்கிறது. கொன்ற கையே காக்கும் கையாயிற்று. சட்டம் கொலையைத் தடுத்தது. மாற்றுப் பிழைப்பே அக்கையை மாற்றியது.

ஆதிநாதரும் உழவு முதலிய ஆறு தொழில்களை மக்களுக்குக் கற்பித்த பின்னரே துறவு பூண்டார். ஆகவே ஆலையும் சூளையும் தொழிற்கூடமும் நடத்தும் நம்மவர், முன்பணத்தால் எவரையும் பிணியாது, உரிய கூலியை அவர் கையிலேயே கொடுத்து, அவர்தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் துணை நிற்பாராக. இருளரின் எலியை எடைபோடும் தகுதி அதன் பின்னரே நமக்கு வரும்.